மடிப்பு அக்கா கயிறு பிடித்த வருடம்

எங்கள் ஊர் எல்லையில் ஒரு பலகை நிற்கிறது. மேலே ஊரின் பெயர், கீழே மக்கள்தொகை என்று ஓர் எண். கல்லூரி நடக்கும் மாதங்களில் அந்த எண் பொய். விடுமுறை விட்டால் பெரும்பொய். மாணவர்கள் பெட்டியோடு வந்து இறங்கும் வாரத்தில் ஊர் உப்பிவிடும்; பரீட்சை முடிந்த மறுநாளே காற்றுப் போன பலூனாகச் சுருங்கிவிடும். பலகை எழுதியவர் எந்த மாதத்தில் வந்து எண்ணினாரோ, அவருக்கே வெளிச்சம்.

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. என் கடை முன்னால் எப்போதும் ஒரே வயசுக் கூட்டம்தான் நிற்கும். முகம் மாறும், வயசு மாறாது. தலை நரைப்பது எனக்கு மட்டும்தான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? படிக்க வந்தவர்கள் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குச் சமைக்க, துவைக்க, வண்டி ஓட்ட, ஊசி போட, கட்டடம் கட்ட என்று உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்த நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். காலையில் எங்கள் தெருவில் குழாயடியில் நின்றால் நாலைந்து மொழிகளில் திட்டு வாங்கலாம். அர்த்தம் புரியாவிட்டாலும் திட்டு என்பது நன்றாகவே புரியும்.

சரிவான ஊர் இது. எந்தத் தெருவில் இறங்கினாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சமதரை என்று இருப்பது ஒரே ஒரு இடம், கல்லூரிக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவில் உள்ள மைதானம். சுற்றிலும் ஓடுபாதை, ஓரத்தில் மரங்கள், இரண்டு பக்கமும் கேட். அந்த மைதானம் யாருக்கு என்று ஒரு காலத்தில் பெரிய தகராறு நடந்ததாம். அப்போதிருந்த கல்லூரி முதல்வரும் மேயரும் ஒரு விளையாட்டு விழா மேடையில் சிரித்துக்கொண்டே ஒரு முடிவு சொன்னார்கள். வருடா வருடம் கல்லூரி அணியும் ஊர் அணியும் கயிறு இழுப்பது. ஜெயிக்கிற பக்கத்துக்கு அந்த வருடம் முழுக்க மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மைதானம் சொந்தம். விளையாட்டாகச் சொன்னதை அடுத்தடுத்து வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள்.

ஊர் அணி ஜெயித்ததைப் பார்த்ததாகச் சொல்லும் ஒருவரை இந்தக் கதை நடக்கும்வரை நான் சந்தித்ததில்லை. மண்ணைக் கவ்வுவது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் வருடா வருடம் நிஜமாகவே கவ்வினார்கள், எழுந்து வாயைத் துடைத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். போட்டி நாளைத் தவிர எங்கள் பக்கத்துக் கேட் பூட்டியே கிடந்தது. அதில் ஏதோ கொடி படர்ந்து, பூவும் பூத்துவிட்டது.

இந்தக் கேட்டைத் திறந்தவர்தான் மடிப்பு அக்கா.

கல்லூரி விடுதிகளுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத் துணி துவைக்கிற லாண்டரி ஒன்று எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது. அங்கே படுக்கை விரிப்புகளை மடிக்கிற பகுதிக்கு அக்காதான் தலைவி. அவர் மடித்து அடுக்கிய விரிப்புகளைப் பார்த்தால் யாரோ ரம்பத்தால் அறுத்து வைத்த பலகைகள் என்று நினைப்பீர்கள். ஆள் குள்ளம், குரல் உயரம். என் கடையில் மெஷின் சிக்கிக்கொண்டு நான் அதோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் வாசலில் நின்று, "தம்பி, அதை அடிக்காத, அது உனக்குச் சோறு போடுது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் கணவர் நகர பஸ் டிரைவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். இந்த ஊரின் அத்தனை ஏற்ற இறக்கங்களையும் அவர் பஸ்தான் முழுசாக அறியும். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது இடது கை பாதியில் நின்றுவிட்டது. பக்கவாதம். கை மெல்ல மெல்ல வந்துவிட்டது, கால்தான் வரவில்லை. "தினமும் நடக்கணும், சமதரையில நடக்கணும். விட்டுட்டீங்கன்னா அப்புறம் நாற்காலிதான்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சமதரைக்கு எங்கே போவது? மூன்றாம் மாடி அறையை விட்டு இறங்கினால் தெரு நேராக மேலே ஏறுகிறது. ஒருமுறை தடியை ஊன்றி இறங்கி வந்தவரை, போனைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் வந்த ஒரு பையன் இடித்துத் தள்ளிவிட்டான். பையன் பதறிப்போய் ஆயிரம் மன்னிப்புக் கேட்டான். மாடிக்குப் போன மாமா அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானம் முழுசாகத் தெரியும்.

அக்கா கல்லூரி காவலாளியிடம் போய்க் கேட்டார். கல்லூரி அடையாள அட்டை இருந்தால்தான் விடமுடியும் என்றார் அவர். அலுவலகத்தில் போய்க் கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் நல்ல மாதிரிதான், ஆனால் கையை விரித்துவிட்டாள். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்மா. கயிறு இழுத்து ஜெயிச்சுட்டு வாங்க, நானே கேட்டைத் திறந்துவிடறேன்" என்று சிரித்தாளாம். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அக்கா அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"தம்பி, இந்த வருஷம் கயிறு நான் இழுக்கறேன். நீயும் வர்ற."

"அக்கா, என் உடம்பைப் பாத்தீங்களா?"

"அதைப் பாத்துட்டுத்தான் கூப்பிடறேன். உன்னைக் கடைசியில கட்டிட்டா எவனாலயும் அசைக்க முடியாது."

என் தொப்பையைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசியவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

ஊர் அணிக்குத் தலைவர் இரும்புக்கடைக்காரர். தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர்தான் என்பது அவருடைய பட்டம், பதவி, சொத்து எல்லாம். அணியில் அவரும் அவருடைய கூட்டாளிகளும்தான் இருப்பார்கள். தோற்பதில்கூட வெளி ஆட்களைச் சேர்க்காத அளவுக்கு அவர்களுக்கு ஊர்ப்பற்று. அக்கா போய் நின்றதும் மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க இந்த ஊரா?"

"போன வருஷம் குடல் ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில படுத்தீங்களே, நீங்க படுத்திருந்த விரிப்பு என் கையால மடிச்சது. அதுமேல படுத்துக்கிட்டு எந்த ஊர் விரிப்புன்னு கேட்டீங்களா?"

கடைக்குள் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். இரும்புக்கடைக்காரர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய கூட்டாளிகளில் பாதிப் பேருக்கு முதுகுவலி, மீதிப் பேருக்குச் சலிப்பு என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்தோம். முன்னால் அக்கா, பின்னால் நான், நடுவில் இரும்புக்கடைக்காரர், ரொட்டி சுடுபவர், ஆஸ்பத்திரி நர்ஸ் அண்ணன், தீவிலிருந்து வந்த கொத்தனார், மாமாவோடு பஸ் ஓட்டிய இரண்டு டிரைவர்கள். எங்கள் எட்டுப் பேருக்கும் ஊர் ஒன்று. தாய்மொழி ஆறு.

செய்தி தெரிந்ததும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று நான் அங்கேதான் இருந்தேன்.

"எனக்கு நடக்க இடம் வேணும்னு நீ கயித்தைக் கட்டி ஊரையே இழுக்கப் போறியா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"நீங்க இத்தனை வருஷமா ஊரையே பஸ்ல ஏத்தி இழுத்தீங்க. அப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

"அதுக்கு இன்ஜின் இருந்துச்சு."

"எனக்கும் இருக்கு. நீங்க வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிங்க."

மாமா டீயைக் குடித்தார்.

முதல் பயிற்சி லாண்டரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நடந்தது. துணி ஏற்றும் வேனின் பின்பக்கம் கயிற்றைக் கட்டி, ஏற்றத்தில் மேலே இழுப்பது என்று ஏற்பாடு. இரும்புக்கடைக்காரர் தலைவர் அல்லவா, உரக்க எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

அவ்வளவுதான், குழப்பம். மூன்று என்ற சொல் வாயில் இருக்கும்போதே ரொட்டிக்காரர் இழுத்துவிட்டார். கொத்தனாருக்கு மூன்று முடிந்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் இழுப்பு. அவர் ஊரில் கல் தூக்குவது அப்படித்தானாம். நோயாளியைக் கட்டிலுக்குக் கட்டில் மாற்றும்போது ஆஸ்பத்திரியில் இரண்டுக்கே தூக்கிவிடுவார்களாம், அதனால் நர்ஸ் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். டிரைவர்கள் இருவரும் இவர்களைப் பார்த்துவிட்டு இழுக்கலாம் என்று காத்திருந்தார்கள். நான் பின்னால் நின்றுகொண்டு இப்போதா அப்போதா என்று யோசிப்பதற்குள் எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். வேன் இருந்த இடத்தில் இருந்தது.

"மூணுன்னா மூணுதான்யா! மூணுக்கு அப்புறம் என்ன இருக்கு?" என்று கத்தினார் ரொட்டிக்காரர்.

"மூணு சொல்லி முடிக்காம எப்படிய்யா மூணு ஆகும்?" என்று கொத்தனார் திருப்பிக் கத்தினார்.

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான். ஆளுக்கு ஆள் பலம் இருந்தது, எட்டுப் பலமும் எட்டு நேரத்தில் வந்தது. ஒரு நாள் இரும்புக்கடைக்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "கலந்து கட்டினா இப்படித்தான் ஆகும்" என்றார். ரொட்டிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். அன்றோடு அணி கலைந்திருக்கும். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாமா உட்கார்ந்திருந்த மாடி ஜன்னலை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "எல்லாரும் உள்ள வாங்க" என்று லாண்டரிக்குள் நடந்தார்.

நான் இத்தனை வருடம் அந்தத் தெருவில் இருந்தும் உள்ளே போனதில்லை. ஆவியும் சோப்பு மணமும் முகத்தில் அடித்தன. இயந்திரங்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் கேட்காது. ஒரு பெரிய உருளைக்கு அடியிலிருந்து விரிப்புகள் சூடாக வந்து விழுந்துகொண்டிருந்தன. இரண்டிரண்டு பெண்களாக நின்று எடுத்து மடித்தார்கள். ஒருத்தி மலைநாட்டுக்காரி, அவளுக்கு எதிரே நின்றவள் கடல் கடந்து வந்தவள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எண்ணவில்லை, கூப்பிடவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. மூலையைப் பிடித்தார்கள், லேசாகப் பின்னால் சாய்ந்தார்கள், துணி விறைத்து நின்றது, ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். அடுத்த விரிப்பு, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது.

அக்கா ஒரு விரிப்பை எடுத்து ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை இரும்புக்கடைக்காரரிடமும் கொடுத்தார். நான் வேகம் காட்டுவதற்காக ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். துணி என் கையிலிருந்து நழுவிப் பறந்து இரும்புக்கடைக்காரர் தலையில் போர்த்திக்கொண்டது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சத்தம்தான் கேட்கவில்லை.

எங்களை ஓர் ஓரமாக, கொஞ்சம் அமைதியான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார் அக்கா.

"வெட்டி இழுக்காதீங்க. சாயுங்க, போதும். எதிர்ல இருக்கறவங்க சாயறது துணியிலேயே உங்க கைக்கு வரும். இங்க வேலைக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் மொத நாள் என்கிட்ட கேப்பாங்க, அக்கா எப்ப இழுக்கணும்னு. வாயை மூடு, கையால கேளுன்னு சொல்லுவேன். கயிறும் துணிதானே? இனிமே ஒருத்தரும் எண்ணக் கூடாது."

"எண்ணாம எப்படி?" என்றார் இரும்புக்கடைக்காரர், தலையிலிருந்து விரிப்பை எடுத்துக்கொண்டே.

"உங்க எண்ணிக்கையிலதான் இத்தனை வருஷமா தோத்தீங்க."

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து நாங்கள் விரிப்பு மடித்தோம். பிறகு சந்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்தோம். நான் பின்னால் சாய்வேன். அது ரொட்டிக்காரர் கைக்குப் போகும், அங்கிருந்து கொத்தனாருக்கு, அப்படியே அக்கா வரை போகும். முதலில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஒரு மாலை வேன் முனகிக்கொண்டு ஓர் அடி மேலே ஏறியது. கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொத்தனார் தன் மொழியில் ஏதோ சொன்னார். யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.

போட்டி நாளன்று மைதானத்துக்கு ஊரே வந்திருந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் பக்கத்துக் கேட்டும் திறக்கும். டிரைவர்கள் இருவரும் மாமாவை நாற்காலியோடு தூக்கிவந்து ஓடுபாதை ஓரத்தில் உட்காரவைத்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார், ஆனால் முகச்சவரம் செய்து சலவைச் சட்டை போட்டிருந்தார்.

எதிரணி எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள், பயிற்சி எடுத்த உடம்புகள். நடுவில் சிவப்புத் துணி கட்டிய கயிறு, மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். அவர்களுடைய பயிற்சியாளர் மெகாபோனில் எண்ணத் தொடங்கினார். நாங்கள் பேசாமல் சாய்ந்தோம். கயிறு நகரவில்லை. கூட்டம் வியந்துபோனது. வழக்கமாக நாங்கள் முதல் இழுப்பிலேயே விழுந்துவிடுகிறவர்கள். அந்தச் சந்தோஷத்தில் இரும்புக்கடைக்காரருக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கத்திவிட்டார். ரொட்டிக்காரர் மூன்றிலேயே இழுத்தார், கொத்தனார் மூன்றுக்குப் பிறகு இழுத்தார், நர்ஸ் அண்ணன் அதற்குள் இழுத்து முடித்துவிட்டிருந்தார். மண் ருசி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

எழுந்தபோது இரும்புக்கடைக்காரர் அழுகிற நிலையில் இருந்தார். அக்கா அவரைத் திட்டவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் ஒன்றும் கேட்காமல் அதைச் சுருட்டித் தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ஊர் அணியின் தலைவர் வாயில் துண்டோடு கயிற்றைப் பிடித்ததைப் பார்த்து மைதானமே சிரித்தது. அவர் கவலைப்படவில்லை. அந்த மனுஷரை எனக்கு முதல் முறையாகப் பிடித்துப்போனது.

இரண்டாவது இழுப்பில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மெகாபோன் எண்ணுவதற்கெல்லாம் அந்தப் பிள்ளைகள் இழுத்தார்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்கள். அந்த மூச்சு கயிற்றில் என் கைக்கு வந்தது. கயிறு கொஞ்சம் தளரும்போது சாய்ந்தேன். மற்ற ஏழு பேரும் சாய்ந்தார்கள். அவர்கள் இழுத்தால் நாங்கள் நின்றோம், அவர்கள் மூச்சு வாங்கினால் நாங்கள் எடுத்தோம். சிவப்புத் துணி கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கோட்டைத் தாண்டியது.

மூன்றாவதுதான் முடிவு. அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உள்ளங்கை எரிகிறது. அவர்களும் புரிந்துகொண்டுவிட்டார்கள், பயிற்சியாளர் மெகாபோனைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் அமைதி. கயிறு நடுவிலேயே நின்று நடுங்கியது. திடீரென்று என் கையில் ஒரு சரிவு தெரிந்தது. முன்னால் அக்காவின் கால் வழுக்கி, முழங்கால் தரையில் இறங்கிவிட்டது. கயிறு அரை அடி அந்தப் பக்கம் போனது. கூட்டம் ஐயோ என்றது. மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

அக்கா பிடியை விடவில்லை. அவர் விடவில்லை என்பதும் கயிற்றிலேயே எங்களுக்கு வந்தது. ஏழு பேரும் ஒரு விநாடி அவருக்காக நின்றோம், அவ்வளவு பாரத்தையும் எங்கள் மேல் வாங்கிக்கொண்டு. அக்கா ஒரு காலை ஊன்றினார், மறு காலை ஊன்றினார், எழுந்தார், சாய்ந்தார். எட்டுப் பேரும் ஒரே ஆளாகச் சாய்ந்தோம். அதன் பிறகு எதிரே எதுவும் இல்லாதது போல இருந்தது. நான் மல்லாக்க விழுந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல் ரொட்டிக்காரர், அவர் மேல் கொத்தனார். விசில் சத்தம் கேட்டது. இந்த முறை நாங்கள் விழுந்தது ஜெயித்து.

ஆறு மொழிகளிலும் கத்தினோம். இரும்புக்கடைக்காரர் வாயிலிருந்து துண்டை எடுக்க மறந்தே கத்தினார். தோற்ற பிள்ளைகள் வந்து அக்காவைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடினார்கள். "இறக்குங்கடா, முழங்கால் வலிக்குது!" என்று அவர் அலறியது யார் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் ஞாயிறு. அலுவலகப் பெண் சொன்ன சொல் தவறவில்லை, தானே சாவியோடு வந்து எங்கள் பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டாள். மாமாவுக்கு நிம்மதியாக நடக்க இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். எங்கே! ஊர்ப் பலகை சொன்ன எண்ணில் எனக்கு முதல் முறையாக நம்பிக்கை வந்தது அன்றுதான். இவ்வளவு பேர் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? தள்ளுவண்டியில் குழந்தைகள், இரவு வேலை முடிந்து தூங்கப் போகாத நர்சுகள், பந்தோடு பிள்ளைகள், எனக்குத் தெரியாத மொழிகளில் வம்பு பேசிக்கொண்டே நடக்கும் குடும்பங்கள். நேற்று எங்களிடம் தோற்றவர்களும் வந்து ஓரமாக ஓடினார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

மாமா தடியை ஊன்றி ஓடுபாதையில் கால் வைத்தார். அக்கா கைகொடுக்கப் போனார். மாமா கையைத் தட்டிவிட்டார். இடது கால் இழுத்துக்கொண்டுதான் வந்தது. பத்தடி போனதும் எதிரே ஒரு பெரிய கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"வண்டி வருதுல்ல? ஓரமாப் போங்க, ஓரமாப் போங்க!" என்று அதட்டினார் மாமா. பஸ்ஸில் நாற்பது பயணிகளை அதட்டிய அதே குரல். படுத்ததிலிருந்து அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை. கூட்டம் சட்டென்று விலகி வழிவிட்டது.

நாங்கள் எல்லோரும் தொடங்கிய இடத்திலேயே நின்றோம். மாமா மரங்களுக்குப் பின்னால் மறைந்தார், அந்தப் பக்கம் வெளிப்பட்டார், நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். அக்கா இடுப்பில் கை வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. எனக்கும் கொட்டியது, நானும் துடைக்கவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முழுச் சுற்றும் முடிந்து மாமா எங்கள் முன்னால் வந்து நின்றார். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போதும், வந்து உக்காருங்க" என்றார் அக்கா.

"இன்னொரு ரவுண்டு போயிட்டு வரேன். உனக்கு முழங்கால் வலிச்சா நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு மாமா நடக்கத் தொடங்கினார்.